டெம்போ என்றால் லோடு வண்டி அல்ல

போன வாரம் ஆசிக் வீட்டுக்கு வந்திருந்தான். என் நண்பன் ஜமாலின் தங்கை மகன். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். அஸ்தினாபுரத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு லிஃப்ட் இருந்தும் படியேறி வருகிற ஒரே விருந்தாளி அவன்தான். வானத்தில் போகிறவர்களுக்கு லிஃப்ட் மேல் நம்பிக்கை கிடையாது போலிருக்கிறது.

உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்து என் மடியில் வைத்தான். தென்னிந்தியா முழுவதும் அதில் இருந்தது. மேகங்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நகர்ந்துகொண்டிருந்தன. விரலால் இழுத்தால் நாளை மதியம் வருகிறது, இன்னும் கொஞ்சம் இழுத்தால் நாளை மறுநாள். நான் வாயைத் திறந்தபடி இழுத்துக்கொண்டே இருந்தேன். நாளைய மழையைச் சுண்டு விரலால் நகர்த்திய பெருமையில் காபி ஆறிப்போனது. இந்தக் கட்டுரையைப் பழைய காலமே பொற்காலம் என்று சொல்லும் கிழவனின் புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். எனக்கு அந்தத் திரை பிடித்திருந்தது.

திரையின் கீழ்மூலையில் சங்கேத எழுத்துகளாக ஒரு வரி ஓடியது. நடுவில் ஒரே ஒரு சொல் எனக்குத் தெரிந்த சொல்லாக இருந்தது: டெம்போ. அதைப் படித்த அந்த நொடியில் எனக்குப் பென்சில் சீவிய வாசனை வந்தது. எங்கள் வீட்டில் பென்சில் இருந்தே பல வருஷம் ஆகிறது.

அந்த வாசனை மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பழைய கட்டடத்தில் ஓர் அறைக்குச் சொந்தமானது. வானிலை அறை. ஒரு மூலையில் டெலிபிரிண்டர் தறி மாதிரித் தடதடவென்று காகிதத்தைத் துப்பிக்கொண்டிருக்கும். நடுவில் பெரிய சாய்வு மேஜை, அதன் மேல் இந்தியாவின் வரைபடம். டெலிபிரிண்டர் துப்பிய எண்களைப் பார்த்து, அந்த வரைபடத்தில் காற்றழுத்தக் கோடுகளைப் பென்சிலால் கையாலேயே வரைவார்கள். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி வரைவார்கள். வங்காள விரிகுடா அங்கங்கே ரப்பர் தேய்த்துத் தேய்த்துச் சாம்பல் நிறமாகிக் கிடக்கும். ஒரு நாட்டின் வானத்தை ஒருவர் குனிந்து நின்று வரைந்துகொண்டிருப்பதை முதல் முறை பார்த்தபோது, கோயிலுக்குள் நுழைந்ததுபோல் செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தேன். ஜமால் காதோரம், "இன்னா மச்சான், கால்ல முள்ளா?" என்றான்.

ஜமால் பல்லாவரத்துக்காரன். குரோம்பேட்டையில் எஞ்சினியரிங் படித்தபோது எனக்குப் பக்கத்து பெஞ்ச். படித்து முடித்து அவன் அவனுடைய அத்தாவின் தோல் வியாபாரத்துக்குப் போனான். நான் டைப்ரைட்டர் ரிப்பன் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்தேன். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் வாங்கத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. எதிர்காலத்தைக் கணிப்பதில் என் திறமை அந்த அளவில் இருந்தது.

ஜமாலுக்குச் சிறு வயதிலிருந்தே ஒரே பைத்தியம்தான். பொழிச்சலூரில் அவன் பெரியம்மா வீட்டு மாடியில் நின்றால் இறங்குகிற விமானங்களின் வயிறு தெரியும். அதைப் பார்த்து வளர்ந்தவன். கையில் காசு புரண்டதும் ஒரு பறக்கும் கழகத்தில் சேர்ந்து தனியார் விமானி உரிமம் வாங்கினான். விடுமுறை நாட்களில் ஒரு சின்ன விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டுவான். பக்கத்து இருக்கையில் நான். என் தகுதி எடை. முன்னால் இருவர் உட்கார்ந்தால் வண்டி நேராகப் போகிறது என்பது அவன் கண்டுபிடிப்பு. மூட்டையைப் போலன்றி நான் வரைபடத்தையும் பிடித்துக்கொள்வேன், பேச்சுத் துணையும் ஆவேன்.

புறப்படும் முன் விமானிகள் அந்த அறைக்கு நேரில் வர வேண்டும். பணியில் இருக்கும் வானிலை அதிகாரி வழியெல்லாம் வானம் எப்படி என்று வாயால் சொல்லி, கையெழுத்திட்ட காகிதத்தையும் கொடுப்பார். பெரிய விமானங்களின் கேப்டன்கள் பஸ் டிக்கெட் வாங்குவதுபோல் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எங்களைப் போன்ற சில்லறைகள்தான் நின்று பேசும். சில்லறைகளுக்குத்தான் மழை வலிக்கும்.

நாங்கள் போகிற நேரங்களில் பெரும்பாலும் பணியில் இருந்தவர் வசுமதி. இயற்பியல் முதுகலை, எங்கள் வயது, தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வருவார். வலது கைச் சுண்டு விரலின் ஓரம் எப்போதும் பென்சில் கரி படிந்து பளபளவென்று இருக்கும். எழுத்தில் மரியாதையாக 'அவர்' என்கிறேன். மனத்துக்குள் அப்போது வேறு விகுதி ஓடியது. இதை ஜமாலிடம் சொன்னதில்லை. அதனால் அவனுக்குத் தெரிந்திருந்தது.

முதல் நாள் அவர் கொடுத்த காகிதத்தில் நடுவில் டெம்போ என்று இருந்தது. நான் ஜமாலிடம் ரகசியமாக, "ரன்வேல டெம்போ எதுக்குடா வருது?" என்று கேட்டேன். ரகசியம் பேசும் கலை எனக்கு வராது.

வசுமதி வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "டெம்போன்னா கொஞ்ச நேரத்துக்கு வந்துட்டுப் போறதுன்னு அர்த்தம் சார். லோடு ஏத்தற வண்டி இல்ல."

டெலிபிரிண்டர்கூட ஒரு கணம் நின்று சிரித்ததுபோல் இருந்தது.

அவருக்கு எல்லோரும் சார்தான். தலை நரைத்த கேப்டனும் சார், நானும் சார், டீ கொண்டுவருகிற கேன்டீன் ஆளும் சார். அந்தச் சாரில் மரியாதை கொஞ்சம், தூரம் நிறைய. இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. காகிதத்தில் கையெழுத்திடும் முன் பேனாவை நிறுத்தி, "எதுக்குப் போறீங்க?" என்று கேட்பார். எங்கே என்பதல்ல, எதற்கு. காகிதத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. ஜமால் ஒரு முறை, "மேடம், மழைக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கேட்டுப் பார்த்தான். "மழைக்கு சம்பந்தம் இல்ல சார், உங்களுக்கு இருக்கு. சும்மா போறவர் மேகத்தைப் பாத்தா திரும்பிடுவார்" என்றார். சும்மா போகாதவர் என்ன செய்வார் என்பதை அவர் சொல்லவில்லை.

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று கதை விடமாட்டேன். ஒரு முறை அவர் பேச்சைக் கேட்டு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தோம். அன்று வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. மறுவாரம் ஜமால் போய், "மேடம், உங்க புயல்ல என் குடை பறந்துடுச்சு" என்றான். "அடுத்த புயல்ல திரும்பி வரும் சார்" என்றார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்தது. சென்னையில் வெயில் இன்னும் தணிந்தபாடில்லை. ஜமாலின் தங்கை ஃபாத்திமாவுக்குத் திருச்சியில் மறுநாள் நிச்சயதார்த்தம். குடும்பம் முழுவதும் முன்பே ரயிலில் போய்விட்டது. ஜமால் மட்டும் பின்தங்கினான். விமானத்தில்தான் வருவேன் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டான். அந்த வீட்டில் ஒரு சித்தப்பா. "பிளேனா? பொம்மைக் கடையில வாங்கினதா?" என்று கேட்டுவிட்டார். அதன் பிறகு விஷயம் போக்குவரத்தைத் தாண்டிவிட்டது. அந்தச் சித்தப்பா உட்பட மாப்பிள்ளை வீடே வேன் பிடித்துத் திருச்சி விமான நிலைய வேலிக்கு வெளியே வந்து நிற்கப்போகிறது. அண்ணன் வானத்திலிருந்து இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஃபாத்திமா புகுந்த வீட்டில் ஆயுளுக்கும் அந்த பொம்மைக் கடையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மதியம் அந்த அறைக்குள் போனோம். நான் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தேன். காரணம் நிச்சயதார்த்தம் மட்டுமல்ல. வசுமதி காகிதத்தைத் தள்ளினார். வழக்கமான ஆங்கிலத்தில் வழக்கமான வரி: உள்மாவட்டங்களில் ஆங்காங்கே இடிமழை, டெம்போ. அந்த மாதத்தில் தினமும் அந்த வரி உண்டு. காலண்டரில் ராகுகாலம் போல.

"எதுக்குப் போறீங்க சார்?"

ஜமால் எல்லாவற்றையும் கொட்டினான். வேன், வேலி, சித்தப்பா, பொம்மைக் கடை. "மொத்த ஜனமும் அங்க நின்னுகினு இருக்கும் மேடம். நான் போயே ஆவணும்."

வசுமதி பேனாவை மூடிவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. ஓடுதளத்தின் ஓரத்தில், காற்றடிக்கும் திசையைக் காட்டும் துணிக்குழலான காற்றுப்பை மேற்கிலிருந்து கிழக்கே நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து ஃபோனைச் சுழற்றினார். கடலூர் வானிலை நிலையத்தில் அவருக்கு ஒரு தோழி. "என்னடி, அங்க கடல் காத்து வந்துடுச்சா? ... இன்னுமா வரல? ... இங்கயும் இல்ல." வைத்துவிட்டார். அதன் பிறகு வரைபடத்தைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் பார்த்தார். நான் அரை அடி முன்னால் நின்றிருந்தேன். எனவே, என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அண்ணா, இன்னிக்கு வேணாம் அண்ணா."

நண்பரே, தமிழ்நாட்டில் பிறந்த ஆணுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பஸ்ஸில், கல்லூரியில், அலுவலகத்தில், எத்தனை பேருடைய இளமை அந்த ஒரு சொல்லில் முடிந்திருக்கிறது. ஒரு முறை சொன்னாலே போதும். எனக்கு இரண்டு முறை. என் சட்டையின் இஸ்திரி கலைந்ததுபோல் இருந்தது. 'வேணாம்' என்ற சொல்லையும் நான் என் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் ஜமால் சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினான். விமானம் வரை சிரித்துக்கொண்டே வந்தான். இறக்கையைத் தட்டிப் பார்க்கும்போதும், பெட்ரோலைச் சின்னக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கும்போதும் தோள் குலுங்கியது.

"அண்ணே, வணக்கம்ணே."

"வாய மூட்றா."

"தங்கச்சிக்கு சீர் செய்யணும் மச்சான். இப்பவே ஒரு குத்துவிளக்கு புக் பண்ணிடு."

உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினோம். இரும்புக் கூண்டு அடுப்பாகக் கொதித்தது. நான் வரைபடத்தை மடியில் விரித்தேன். செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம். எதுவும் கண்ணில் படவில்லை. ஜமால் சாவியில் கை வைத்தான். சிரிப்பு நின்றிருந்தது.

"மச்சான், அவ அண்ணான்னு சொன்னது உன்னையா, என்னையா?"

"என்னைத்தான். மூஞ்சியப் பாத்துச் சொன்னா. இன்னும் எத்தன தடவ குத்துவே?"

"குத்தலடா. இத்தன நாளா வந்துகினு இருக்கோம். சாரைத் தவிர வேற வார்த்தை வந்திருக்கா அவ வாய்ல? யாரையாச்சும்?"

"இல்ல. அதான் வயித்தெரிச்சல்."

"வயித்தெரிச்சல் கெடக்கட்டும்." அவன் கை இன்னும் சாவியில் இருந்தது. "எங்க வூட்ல ஃபாத்திமா என்னைப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவா. ஜமாலு, டேய் ஜமாலு. சின்ன வயசுல ஒரு தடவ நான் கெணத்துச் சுவத்து மேல நடந்துகினு இருந்தேன். அப்பதான் அவ அண்ணான்னு கூப்ட்டா. கத்தக்கூட இல்ல. மெதுவா. அதே மாதிரி இருந்துச்சுடா இது."

காற்றுப்பையைப் பார்த்தோம். அது அசையாமல் கிழக்கே நீட்டியிருந்தது, யாரோ பிடித்து வைத்திருப்பதுபோல. அந்த வேலி, அந்த வேன், அந்தச் சித்தப்பா எல்லாம் ஜமாலின் முகத்தில் வரிசையாக வந்து போவதை நான் பார்த்தேன். பிறகு சாவியை உருவினான்.

"எறங்கு."

பொது டெலிபோனில் திருச்சிக்குப் பேசினான். "ஃபாத்திமா, நான் பஸ்ல வரேன்." மறுமுனை என்ன சொன்னது என்று தெரியாது. அவன், "ஆமா, பொம்மைக் கடை மூடிட்டாங்கன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

உடனே பேருந்து நிலையத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. விமானக் கொட்டகையின் வாசலில் ஒரு பெஞ்சில் டீயோடு உட்கார்ந்தோம். அந்த ஒன்றரை மணி நேரம் மாதிரி ஒரு கொடுமை கிடையாது. வானம் அவ்வளவு அழகாக இருந்தது. நீலமென்றால் அப்படி ஒரு நீலம். ஜமால் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் பந்தியில் எழுப்பி விடப்பட்டவன் மாதிரி.

"ஒரு மயிறும் இல்லையேடா மேல" என்றான். நான் அண்ணன் பதவியில் இருந்ததால் அந்தச் சொல் காதில் விழாததுபோல் டீயை ஆற்றினேன்.

அப்புறம் காற்றுப்பை தொங்கிப்போனது. ஒரு நிமிஷம் ஊரே மூச்சைப் பிடித்த மாதிரி இருந்தது. பிறகு அது எழுந்து எதிர்ப்பக்கம் திரும்பியது. கடல் காற்று, பாதி நாள் தாமதமாக. கழுத்தில் உப்புக் குளிர்ச்சி பட்டது. அப்பாடா என்று நாங்கள் சட்டை பட்டனைத் தளர்த்திய நேரத்தில், பம்மலுக்கும் பொழிச்சலூருக்கும் மேற்கே, ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது.

அதை மேகம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மேகம் நகரும், இது வளர்ந்தது. பால் பொங்குவதை அடுப்பின் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல், மலைக்கு மேல் மலையாகப் பிதுங்கிக்கொண்டே மேலே போனது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம், அப்போதும் உச்சி தெரியவில்லை. உச்சி எங்கோ தட்டையாக விரிந்து வெயிலை மறைத்தது. அடிப்பாகம் கறுத்து, பிறகு கறுப்பும் இல்லாமல், பாசி பிடித்த கிணற்றின் அடி மாதிரி ஒரு பச்சையானது. அதன் உள்ளே வெளிச்சங்கள் சத்தமில்லாமல் எரிந்து அணைந்தன. ஒரு பெரிய வீட்டில் யாரோ அறை அறையாக விளக்குப் போட்டுத் தேடுவதுபோல. கொக்குகள் எங்கள் தலைக்கு மேல் தாழ்வாகக் கிழக்கே பறந்தன. அவை யாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கவில்லை.

பிறகு காற்று அடித்தது. கயிறு போட்டுக் கட்டியிருந்த எங்கள் விமானம் கட்டுக்குள்ளேயே ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியது. விமானி இல்லாமல், எஞ்சின் இல்லாமல், அது பறக்கப் பார்த்தது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த சத்தத்தில் நாங்கள் பேசினாலும் கேட்டிருக்காது. இவ்வளவு பெரிய ஒன்றுக்கு நம்மைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்குக் கோபம்கூட இல்லை. எனக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பயம் வந்ததில்லை. பயத்துக்கு நடுவில் அப்படி ஒரு சந்தோஷமும் வந்ததில்லை. ஜமால் ஒரு ஆலங்கட்டியைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் கரையும் வரை பார்த்தான்.

"இதுக்குள்ள நாம..." என்று ஆரம்பித்தான்.

மறுநாள் காலை திருச்சியில் நனைந்த கோழிகளாக இறங்கினோம். சித்தப்பா வாசலிலேயே இருந்தார். "பஸ்ஸுக்கு இறக்கை எங்க மாப்ள?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஃபாத்திமா சிரிக்காமல் வந்து, "டேய் ஜமாலு, சாப்ட்டியா?" என்றாள். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அண்ணா என்று கூப்பிடவில்லை அல்லவா.

திரும்பி வந்ததும் நன்றி சொல்ல நான் தனியாகத்தான் போனேன். நன்றி ஒரு சாக்கு. வசுமதி புதிய வரைபடத்தில் குனிந்திருந்தார்.

"விழுப்புரத்துல உங்களுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு சார். நல்ல வேளை" என்றார்.

சார். காதில் தேன் பாய்ந்தது.

"அன்னிக்கு ஏன் போகாதீங்கன்னு நேரா சொல்லல?"

"சொல்லக் கூடாது சார். வானம் எப்படின்னு சொல்றது நான். போறதா வேணாமான்னு முடிவு பண்றது பைலட். சார்னு சொல்றப்ப நான் கவர்ன்மென்ட். கவர்ன்மென்ட் போகாதேன்னு சொல்லாது."

"அண்ணான்னு சொன்னா?"

"அப்ப நான் சொல்லலாம்ல?" என்றார். பென்சிலைத் திருப்பி ரப்பரால் ஒரு கோட்டை அழித்தார். "கடல் காத்து லேட்டானா சூடு சேந்துக்கிட்டே இருக்கும் சார், அது வந்து முட்டினா மேகம் கிளம்பும். எனக்கும் தெரியாது, அப்படி வரும்னு. வராமலும் போயிருக்கலாம். ஆனா உங்க ஃப்ரெண்டு சொன்ன காரணத்தக் கேட்டதும், அவரு மேகத்தைப் பாத்தா திரும்ப மாட்டாருன்னு தெரிஞ்சுது."

கொஞ்சம் தைரியம் சேர்த்துக்கொண்டு கேட்டேன். "அப்ப என்னை அண்ணான்னு சொன்னது..."

அவர் தலையைத் தூக்கவில்லை. வாயோரத்தில் மட்டும் என்னவோ அசைந்தது.

"அது டெம்போ சார்."

அந்த வாரம் நான் டைப்ரைட்டர் ரிப்பன் விற்ற வேகத்தைப் பார்த்துக் கம்பெனியே கம்ப்யூட்டருக்குப் பயப்படுவதை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த சித்திரைக்குள் அவருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. ரிப்பன் கம்பெனி அதற்கும் முன்னால் போய்விட்டது. இரண்டும் டெம்போதான். அந்தக் கட்டடமும் உருமாறிவிட்டது. சாய்வு மேஜை எங்கே போனதோ. ஜமால் முதுகுவலி வந்து விமானத்தை விட்டான். இப்போது பொழிச்சலூரில் அதே மாடியில் நின்று வயிறு பார்க்கிறான்.

ஆசிக் டேப்லெட்டைப் பைக்குள் வைத்தான். "நாளைக்கு மத்தியானம் பாண்டிச்சேரி போறேன் மாமா. எல்லாம் பச்சை."

"எதுக்குப் போறே?"

"இன்னா மாமா கேள்வி இது? ஃப்ளையிங் ஹவர்ஸ் சேக்கணும்."

"அங்க யாராச்சும் வெயிட் பண்றாங்களா?"

அவன் காதுமடல் சிவந்தது. "இதுகூட அதெல்லாம் கேக்காது மாமா" என்று பையைத் தட்டினான்.

"பேசணும்னா வானிலை ஆபீஸ்ல யாரையாச்சும் கூப்பிடலாம்ல?"

"நம்பர் இருக்கு. யாரு மாமா கூப்பிடுவாங்க? எல்லாம் இதுலயே இருக்கே." படியிறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் மதியம் நான் மொட்டை மாடியில் இருந்தேன். கொடியில் யார் வீட்டுப் புடவையோ மேற்கிலிருந்து கிழக்காகத் தள்ளிக்கொண்டு நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே போக மனம் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து, புடவை தொங்கியது, ஒரு கணம் யோசித்தது, பிறகு மெல்ல மறுபக்கம் திரும்பியது. கழுத்தில் அந்த உப்புக் குளிர்ச்சி. பொழுது இன்னும் இருந்தது, அன்றைக்குப் போல் தாமதமில்லை. பையன் நன்றாகப் போய்ச் சேருவான். திரும்புகிற அவசரமும் இருக்காது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. 'கடல் காத்து வந்துடுச்சா?' என்று ஃபோன் போட்டுக் கேட்க அந்தப் பழைய வானிலை அறையில்தான் ஆள் இருந்தது.

"வந்துடுச்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

புடவைக்குப் பின்னாலிருந்து மாடி வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "யாரு வந்தது அங்கிள்?"